உள்தள்ளலும் தரவினமும்: ஏபிசி முதல் பைத்தான் வரை ஒரு நிரல்மொழி மரபின் வரலாறு

1. முன்னுரை

கணிப்பொறிக்கென ஆக்கப்படும் நிரல்மொழிகள் இயற்கை மொழிகள் அல்ல. எனினும் அவற்றுக்கும் எழுத்து, சொல், தொடர், பொருள் என்னும் அடுக்குகள் உண்டு. வழுவும் வழாநிலையும் உண்டு. இயற்கை மொழியின் இலக்கணம் வழக்கிலிருந்து வருவிக்கப்படுகிறது. நிரல்மொழியின் இலக்கணமோ வழக்குக்கு முன்னரே வகுக்கப்படுகிறது. ஒரு விதியை வகுத்தவர் யார், எந்த ஆண்டில் வகுத்தார், எதனை நோக்கி வகுத்தார் என்பன பெரும்பாலும் ஆவணங்களில் பதிவாகியுள்ளன. மொழி மாற்றத்தின் காரணங்களை ஊகித்தே அறிய வேண்டிய நிலையிலுள்ள மொழியியலாளர்க்கு இஃது அரியதொரு வாய்ப்பாகும்.

இன்று பரவலாக வழங்கும் நிரல்மொழிகளுள் பைத்தான் ஒன்று. அதனைப் பிற மொழிகளினின்று வேறுபடுத்திக் காட்டும் கூறுகள் இரண்டு. தொடர்களின் அமைப்பை அடைப்புக்குறிகளால் காட்டாது, வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியால், அதாவது உள்தள்ளலால், காட்டுவது ஒன்று. ஒரு பெயர் எண்ணைக் குறிக்கிறதா எழுத்துச்சரத்தைக் குறிக்கிறதா என்னும் தரவினத்தை முன்கூட்டி அறிவிக்க வேண்டாமை மற்றொன்று. இவ்விரண்டும் ஓர் எளிமைக் கொள்கையின் இரு முகங்கள் என்றும், இனத்தை முன்னரே சரிபார்க்கும் கண்டிப்பு இவ்வெளிமைக்குப் பொருந்தாது என்றும் கருதப்படுவதுண்டு.

வரலாறு இக்கருத்துக்கு அரண் செய்யவில்லை. பைத்தானுக்கு நேர் முன்னோடியான ஏபிசி என்னும் சிறு மொழி உள்தள்ளலைக் கொண்டிருந்தது. நிரலை ஓட்டுவதற்கு முன்பே இன வழுக்களைக் கண்டறிந்தது. அதற்காக எழுதுவோரிடம் எவ்வகை இன அறிவிப்பையும் கேட்கவில்லை. ஒரே மொழியில் ஒருங்கிருந்த இக்கூறுகள் எவ்வாறு பிரிந்தன, பின்னர் எவ்வழிகளில் மீண்டும் இணைந்தன, இப்பிரிவால் நேர்ந்த ஆக்கமும் இழப்பும் யாவை என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. தொடரியலும் இனக்கோட்பாடும்

நிரல்மொழி ஆக்கத்துக்கும் மொழியியலுக்கும் உள்ள உறவு பழமையானது. நோம் சாம்ஸ்கி 1956-இல் மொழி விளக்கத்துக்கான மூன்று மாதிரிகளை ஒப்பிட்டு ஆராய்ந்தார். ஜான் பேக்கஸ் 1959-இல் பாரிசில் யுனெஸ்கோ சார்பில் நடந்த மாநாட்டில், பின்னர் அல்கால் என வழங்கிய மொழியின் தொடரியலை விதிமுறைகளாக எழுதிக் காட்டினார். பீட்டர் நாவர் பதிப்பித்த அல்கால் 60 அறிக்கை அம்முறையை நிலைபெறச் செய்தது. இவ்வெழுத்துமுறை பாணினியின் விதிமுறையோடு ஒத்திருத்தலைச் சுட்டி, இதற்குப் பாணினி-பேக்கஸ் வடிவம் எனப் பெயரிடலாம் என்று 1967-இல் பீட்டர் இங்கர்மன் முன்மொழிந்தமை மொழியியலார் அறிந்த செய்தியாகும்.

தொடரமைப்பு விதி மட்டும் ஒரு மொழிக்குப் போதாது. ‘அவன் வந்தது’ என்பது எழுவாயும் பயனிலையும் உரிய இடத்தில் அமைந்த தொடரே. ஆயினும் திணை முடிபு பிறழ்ந்தமையால் வழுவாகிறது. இதனைப் போன்றே, ஓர் எழுத்துச்சரத்தை 5 ஆல் வகுக்கச் சொல்லும் நிரல் தொடர் வடிவால் செம்மையானது; இனத்தால் வழுவுடையது. இத்தகைய வழுவைத் தடுக்கும் கோட்பாடு அளவையியலில் தோன்றியது. தற்சுட்டு முரண்களைத் தவிர்க்க பெர்ட்ரண்டு ரசல் 1908-இல் இனக்கோட்பாட்டை விரிவாக அமைத்தார். போலந்து அறிஞர் காசிமிர் அஜ்துகேவிச் 1935-இல் தொடரின் உறுப்புகளுக்கு இனங்களைக் குறித்து, அவை பொருந்தும் முறையைக் கணக்கிடும் வழியை வகுத்தார். அலான்சோ சர்ச் 1940-இல் இனமுடைய லாம்டா கணிப்பை வெளியிட்டார். யோவாகிம் லாம்பெக் 1958-இல் தொடரமைப்பையே ஓர் இனக் கணிப்பாகக் காட்டினார். எனவே ‘இனம்’ என்னும் கருத்து கணிப்பொறியியலும் மொழியியலும் பொதுவில் உடையதொரு சொத்து எனலாம்.

இனச் சரிபார்ப்பு எப்பொழுது நிகழ்கிறது என்பதைக் கொண்டு நிரல்மொழிகள் இரு வகைப்படும். நிரல் ஓடத் தொடங்குமுன் அதன் உரை முழுவதையும் ஆராய்ந்து வழுவைக் கூறுவது நிலை இனமுறை. ஓடும்போது அவ்வவ்வரியை அடையுங்கால் மட்டும் ஆராய்வது இயங்கு இனமுறை. பின்னதில், ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் செயற்படும் ஒரு பகுதியிலுள்ள வழு, அந்நாள் வரும்வரை வெளிப்படாமல் இருக்கலாம். முன்னதில் அவ்வழு எழுதிய அன்றே தெரியும். ஆனால் பல மொழிகளில் அதற்கு விலையாக ஒவ்வொரு பெயரின் இனத்தையும் எழுதுவோர் அறிவிக்க வேண்டியுள்ளது. இவ்விலை தவிர்க்க முடியாததா என்பதே இவ்வரலாற்றின் மையக் கேள்வி.

3. உள்தள்ளல் இலக்கணக் குறியான வரலாறு

உள்தள்ளல் தொடக்கத்தில் இலக்கணக் கூறு அன்று. படிப்போர் கண்ணுக்கு உதவும் எழுத்து வழக்கமாகவே இருந்தது. கணிப்பொறி அதனைப் பொருட்படுத்தவில்லை; தொடக்கச் சொல்லையும் முடிவுச் சொல்லையுமே நோக்கியது. இதனால் கண் காணும் அமைப்பும் பொறி கொள்ளும் அமைப்பும் வேறுபடும் நிலை நேர்ந்தது.

பிரித்தானிய அறிஞர் பீட்டர் லாண்டின் 1966-இல் வெளியிட்ட கட்டுரையில் இஸ்விம் என்னும் மொழிக் குடும்பத்தை விளக்கினார். ஒரு தொடரின் முதற்சொல் நிற்கும் இடத்துக்கு இடப்புறமாக எச்சொல் வந்தாலும் அத்தொடர் அங்கே முடிந்தது எனக் கொள்ளும் விதியை அதில் அவர் வகுத்தார். கால்பந்தாட்டத்தில் வழங்கும் ‘ஆஃப்சைடு’ என்னும் சொல்லையே அவ்விதிக்குப் பெயராக இட்டார். நிரல்கள் சிறு சிறு கூறுகளாக எழுதப்படும் காலத்தில் எல்லைக்குறிகளுக்கு மாறாக உள்தள்ளலே அமைப்பைக் காட்டப் போதுமாகலாம் என 1974-இல் டொனால்ட் க்னூத் கருத்துரைத்தார். 1983-இல் பிரிஸ்டலைச் சார்ந்த இன்மாஸ் நிறுவனம் வெளியிட்ட ஆக்கம் என்னும் மொழி, ஒவ்வோர் உள்நிலைக்கும் இரண்டு இடைவெளி என வரையறுத்தது. அது நிலை இனமுறையைக் கொண்டது. பெயர்களின் இனம் அதில் அறிவிக்கப்பட வேண்டும். ஆகவே உள்தள்ளலும் நிலை இனமும் முரணானவை அல்ல என்பதற்குப் பைத்தான் தோன்றுமுன்னரே சான்று இருந்தது.

உள்தள்ளல் தீர்க்கும் சிக்கல் மொழியியலார்க்குப் புதியதன்று. ‘மழை பெய்தால், குடை இருந்தால் செல்க, இல்லையேல் நிற்க’ என்னும் தொடரில் ‘இல்லையேல்’ என்பது மழையோடு இயைவதா குடையோடு இயைவதா என்பது ஐயத்துக்குரியது. அல்கால் 60 காலத்திலிருந்து பேசப்பட்டுவரும் இவ்வமைப்பு மயக்கம், ‘இல்லையேல்’ எந்தச் சொல்லுக்கு நேர்கீழே நிற்கிறது என்பதால் தீர்ந்துவிடுகிறது. அளவைச்சொல்லின் ஆட்சி எல்லையும் அவ்வாறே தெளிவாகிறது. பின்வருவது ஒரு விளக்க வடிவம்:

ஒவ்வொரு சொல்லுக்கும்:
    சொல்லை அச்சிடுக
    எண்ணிக்கையில் 1 கூட்டுக
எண்ணிக்கையை அச்சிடுக

இதில் மூன்றாம் வரி முதல் வரிக்கு நேராக நகர்த்தப்பட்டால், எத்தனை சொற்கள் இருப்பினும் எண்ணிக்கை ஒன்றே கூடும். சொல் மாறவில்லை, வரிசை மாறவில்லை. இடம் மட்டுமே மாறியது, பொருள் மாறிவிட்டது.

இதனைப் பொறி அறியும் முறையும் கருதத்தக்கது. இடைவெளிகளின் எண்ணிக்கையை ஒப்பிடுதல் சூழல்சாரா இலக்கண விதிகளால் எளிதில் உரைக்கத்தக்கதன்று. எனவே அப்பணி தொடரியலுக்குக் கீழேயுள்ள சொல்லலகுப் பகுப்பிடம் ஒப்படைக்கப்படுகிறது. பகுப்பி ஓர் எண்ணடுக்கை வைத்திருக்கும். அதன் அடியில் சுழியம் இருக்கும். வரியின் முன்னிடைவெளி அடுக்கின் மேலெண்ணைவிட மிகுந்தால், அவ்வெண் அடுக்கில் ஏற்றப்பட்டு ‘உட்புகல்’ என்னும் ஒரு சொல்லலகு பிறக்கும். சமமாயின் எதுவும் பிறவாது. குறைந்தால், சமமான எண் கிட்டும்வரை மேலெண்கள் நீக்கப்படும். நீக்கம் ஒவ்வொன்றுக்கும் ‘வெளியேறல்’ என்னும் சொல்லலகு ஒன்று பிறக்கும். சமமான எண் கிட்டாவிடின் அது வழு. இவ்வாறு பிறந்த அலகுகளுக்கு எழுத்து வடிவம் இல்லை. இடமே அவற்றின் வடிவம். எழுவாய் வேற்றுமை உருபின்றி நின்றே தன் பணியை ஆற்றுவதை அறிந்த தமிழ் இலக்கண மாணவர்க்கு இச்சுழியலகுகள் வியப்பளிப்பன அல்ல. தொடரியல் இவற்றைத் தொடக்க, முடிவுச் சொற்களாகவே காண்பதால், அதன் விதிகள் பழைய எளிமையோடு நிற்கின்றன. பைத்தான் கொண்டதும் இம்முறையே.

4. ஆம்ஸ்டர்டாமில் ஒரு தொடக்கநிலை மொழி

1946-இல் ஆம்ஸ்டர்டாமில் நிறுவப்பட்ட கணித மையம் 1983-இல் கணிதம், கணிப்பொறியியல் ஆகிய இரண்டுக்குமான ஆய்வு மையமாகப் பெயர் மாற்றம் பெற்றது. 1961 முதல் 1980 வரை அதன் இயக்குநராக இருந்த ஆட்ரியான் வான் வைங்கார்டன் அல்கால் 68-ஐ உருவாக்கியவர்களுள் முதன்மையானவர். அவர் வகுத்த ஈரடுக்கு இலக்கணம் இங்குக் குறிப்பிடத்தக்கது. ஒரு விதித்தொகுதி மற்றொரு விதித்தொகுதியைப் பிறப்பிக்கும் அம்முறையால், இன இயைபு என்பது தொடரியலுக்குப் புறம்பான கூற்றாக அன்றித் தொடரியலுக்கு உள்ளேயே எழுதப்பட்டது. கருத்தளவில் இது பெரும் வெற்றி. ஆயினும் அவ்வறிக்கை படித்தற்கு மிகக் கடினமானது என்னும் குறை தொடக்கம் முதலே கூறப்பட்டது.

அல்கால் 68-இன் திருத்திய அறிக்கையின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான லாம்பர்ட் மேர்டன்ஸ், லியோ கியூர்ட்ஸ் என்பவரோடு இணைந்து 1970களின் நடுவில் முற்றிலும் வேறான பணியில் இறங்கினார். தொடக்கநிலையாளர்க்கு அந்நாளில் கற்பிக்கப்பட்ட பேசிக் மொழிக்கு மாற்றாக, கற்க எளிதும் அமைப்பில் செம்மையும் உடைய ஒரு மொழியை ஆக்குவதே அப்பணி. இதற்குத் தற்காலிகமாக ‘பி’ எனப் பெயரிடப்பட்டது. பின்னர் ‘ஏபிசி’ என்னும் பெயர் நிலைத்தது. ஸ்டீவன் பெம்பர்டனும் குழுவில் இணைந்தார். மூவரும் எழுதிய கையேடு 1990-இல் நூலாக வெளிவந்தது.

பெரும் அறிக்கையை ஆக்கியவர்களே சிறு மொழியை நாடியமை முரணன்று. எவை இன்றியமையாதவை என்பதைப் பெருமொழியின் ஆக்கம் அவர்களுக்கு உணர்த்தியிருக்க வேண்டும். ஏபிசியில் இனங்கள் ஐந்தே: எண், உரை, கூட்டு, பட்டியல், அட்டவணை. எண்ணின் அளவுக்கு மொழி வரம்பு விதிக்கவில்லை. பட்டியலின் உறுப்புகள் அனைத்தும் ஓரினத்தன. அட்டவணையின் திறவுகள் ஓரினத்தன, மதிப்புகளும் தமக்குள் ஓரினத்தன. இவ்வைந்தையும் ஒன்றனுள் ஒன்றாக அமைத்துத் தேவையான தரவு வடிவங்களை ஆக்கிக்கொள்ளலாம்.

உள்தள்ளல் ஏபிசியில் கட்டாய இலக்கணம். அதனோடு வரி இறுதியில் வரும் முக்காற்புள்ளியின் வரலாறு மொழியியல் நோக்கில் சுவையானது. மேர்டன்ஸ் கூறியதாகக் குயிடோ வான் ரோசம் பின்னாளில் பதிவு செய்துள்ள செய்தி வருமாறு: 1978-இல் போலந்தின் யப்லொன்னாவில் மேர்டன்ஸ், ராபர்ட் டூவர், ஜாக் ஷ்வார்ட்ஸ் முதலியோர் ஒரே நிரலைப் பல தொடரியல் வடிவங்களில் எழுதி ஒப்பிட்டனர். உடன்பாடு எட்டாமையால் டூவரின் மனைவி கருத்துக் கூற அழைக்கப்பட்டார். ‘ஒவ்வொன்றுக்கும்’ எனத் தொடங்கும் வரி, தன்னளவில் நில்லாது கீழுள்ள வரிகளையும் ஆளும் என்பது விளக்கியபின்னரே அவருக்குப் புலப்பட்டது. அவ்வரியின் இறுதியில் முக்காற்புள்ளி இருந்திருப்பின் இம்மயக்கம் நேர்ந்திராது என ஆக்கியோர் உணர்ந்தனர்.

பொறிக்கு இம்முக்காற்புள்ளி மிகை. உள்தள்ளலே அதற்குப் போதும். படிக்கும் மனிதருக்கோ அது ‘பின்வருவன இதன் கீழ் அடங்கும்’ என்னும் அறிவிப்பு. இயற்கை மொழிகளில் மிகைக்குறி ஆற்றும் பணியையே இங்கும் அது ஆற்றுகிறது. இலக்கணத்தின் சுருக்கத்தைவிடப் படிப்போரின் தெளிவு முதன்மை பெற்ற இம்முடிவு பைத்தானிலும் தொடர்ந்தது.

5. அறிவிக்கப்படாத இனத்தை அறிதல்

ஏபிசியில் மாறிகளுக்கு இன அறிவிப்பு இல்லை. ஆயினும் ஒரு மாறியில் ஒருமுறை எண்ணை வைத்துப் பிறிதொருமுறை உரையை வைப்பது வழுவாகும். அவ்வழு ஓட்டத்துக்கு முன்பே காட்டப்படும். இஃது இனக் கணிப்பினால் இயல்வதாயிற்று. ரோஜர் ஹிண்ட்லி 1969-இலும் ராபின் மில்னர் 1978-இலும் இக்கணிப்பின் அடிப்படைகளை வெளியிட்டிருந்தனர். ‘பி’ மொழிக்குரிய படிப்படியான பல்லினச் சரிபார்ப்பு முறையை மேர்டன்ஸ் 1983-இல் ஆய்வுரையாக வெளியிட்டார்.

இக்கணிப்பின் இயல்பைத் தமிழ் இலக்கண வழக்கால் விளக்கலாம். ‘மாடு’ என்னும் பால்பகா அஃறிணைப் பெயர் தனித்து நிற்கையில் ஒருமையா பன்மையா எனத் தெரியாது. ‘மாடு வந்தது’ என்னும்போது ஒருமை என்பதும், ‘மாடு வந்தன’ என்னும்போது பன்மை என்பதும் வினைமுடிபால் விளங்கும். பெயரில் குறி இல்லை. ஆயினும் பால் உண்டு, அது அறியவும்படுகிறது. இனக் கணிப்பும் இவ்வாறே பெயரின் இனத்தை அதன் முடிக்குஞ் சொல்லாகிய செயற்குறியிலிருந்து பெறுகிறது. ஏபிசியில் வெற்றுப் பட்டியலுக்கும் வெற்று அட்டவணைக்கும் குறி ஒன்றே. பின்னர் அதனுள் ஓர் உறுப்பைச் செருகினால் அது பட்டியல். ஒரு திறவுக்கு மதிப்பைக் கொடுத்தால் அட்டவணை. ஒரே நிரலில் அதற்கே இரண்டையும் செய்தால் முடிபு முரண்பட்டு வழுவாகிறது.

இக்கணிப்பு எளிதாக அமைதற்கு மொழி ஆக்கத்தில் ஒரு முன்னேற்பாடு தேவை. ஏபிசியில் கூட்டற்குறி எண்களுக்கு மட்டுமே உரியது. உரைகளை இணைத்தற்குத் தனிக்குறி உண்டு. ஆகவே ஒரு பெயரின் அருகில் கூட்டற்குறி நின்றால் அப்பெயர் எண்ணே என உடனே துணியலாம். ஒரு குறிக்குப் பல பொருள் ஏறுந்தோறும் இத்துணிவு தளர்கிறது. உரை, பட்டியல், அட்டவணை மூன்றன் அளவையும் அறிய ஒரே குறி வழங்கியதால், அங்கு ‘மூன்றில் ஒன்று’ என்னும் அளவுக்கே கணிப்பு செல்லும். இனங்கள் ஐந்தாக மூடப்பட்டிருந்தமையால் இத்தகைய ஐயங்களும் வரம்புக்குள் நின்றன. சுருங்கக் கூறின், எழுதுவோர் சுமக்கவேண்டிய அறிவிப்புச் சுமையை மொழியை வகுத்தோர் தாமே சுமந்தனர். ஒவ்வொரு குறியின் பொருளையும் வரையறுத்து அதனை ஆற்றினர்.

6. பைத்தான் கொண்டதும் விட்டதும்

குயிடோ வான் ரோசம் 1980களின் முற்பகுதியில் ஏபிசி குழுவில் பணியாற்றியவர். 1989 டிசம்பர் இறுதியில் அவர் பைத்தானை எழுதத் தொடங்கினார். 1991 பிப்ரவரியில் அதன் முதற்பதிப்பு பொதுவில் வெளியிடப்பட்டது. ஏபிசியின் உள்தள்ளல், முக்காற்புள்ளி, வரம்பற்ற எண், உயர்நிலைத் தரவு வடிவங்கள், உரையாடல் முறையில் பயிலும் வசதி ஆகியவற்றின் தாக்கம் பைத்தானில் வெளிப்படையாக உள்ளது.

ஏபிசி தன்னளவில் நிறைவுற்ற மொழி. அந்நிறைவே அதன் குறையுமாயிற்று. கோப்புகள், இயக்க அமைப்பு, பிற நிரல்கள் ஆகிய வெளியுலகோடு அது உறவாடுவது அரிது. புதிய இனம் ஒன்றைச் சேர்க்க வெளியாருக்கு வழியில்லை. இக்குறைகளை உள்ளிருந்து கண்ட வான் ரோசம், பைத்தானை விரித்துக்கொள்ளத்தக்க மொழியாக அமைத்தார். சி மொழியில் எழுதிய கூறுகளை இணைத்துப் புதிய இனங்களைச் சேர்க்கலாம். பயனாளர் தாமே வகுப்புகளை ஆக்கலாம். கூட்டற்குறி எண், உரை, பட்டியல் அனைத்துக்கும் பொதுவாயிற்று. புதிய வகுப்புகளும் அதற்குத் தத்தம் பொருளை வரையறுக்கலாம்.

இத்திறப்பின் விளைவு தெளிவானது. பைத்தானில் கூட்டற்குறியைக் கண்டு இடப்புறப் பெயரின் இனத்தைத் துணிதல் இயலாது. ஏபிசியின் கணிப்பு எதன்மீது நின்றதோ அந்த அடித்தளம், அதாவது மூடிய இனத்தொகுதியும் ஒருபொருட் குறிகளும், அகன்றுவிட்டது. பைத்தான் இயங்கு இனமுறையைக் கொண்டது. இதனைக் கவனக்குறைவு எனக் கொள்ளுதல் பொருந்தாது. பரப்பைப் பெறுதற்கு முன்னறிவிப்பை விட்டுக்கொடுத்த ஒரு மாற்று எனக் கொள்வதே ஏற்புடைத்து. பரப்பைப் பொறுத்தவரை இம்மாற்று பயன் தந்தது: செம்மையான ஏபிசி சிறு வட்டத்துக்குள் நின்றது; பைத்தான் அறிவியல், நிருவாகம், கல்வி என எல்லாத் துறைகளிலும் பரவியது. ஆனால் சிறு நிரல்களுக்குப் பொருந்திய நெகிழ்ச்சி, பலர் கூடிப் பல ஆண்டுகள் எழுதும் பெருநிரல்களில் சுமையாயிற்று. பிறர் எழுதிய செயற்கூறு எவ்வினத்தை ஏற்கும் என்பதை அறிய, அதன் உடல் முழுவதையும் படித்தாக வேண்டிய நிலை நேர்ந்தது.

7. இனம் மீண்ட வழிகள்

பிரிந்த கூறுகளை மீண்டும் இணைக்கும் முயற்சிகள் இரு வழிகளில் நடந்தன. பைத்தான் போன்ற தொடரியலோடு நிலை இனமுடைய புதிய சிறு மொழியை ஆக்குதல் முதல் வழி. 2003-இல் ரோட்ரிகோ பாரெட்டோ டி ஒலிவெய்ரா டாட்நெட் தளத்துக்கென ஆக்கிய பூ என்னும் மொழி இவ்வகையினது. மாறிக்கு முதன்முதல் அளிக்கப்படும் மதிப்பைக் கொண்டு அதன் இனத்தை அது கணித்துக்கொண்டது. செயற்கூற்றின் உள்ளீடுகளுக்கு மட்டும் அறிவிப்பை எதிர்நோக்கியது. யூனிட்டி என்னும் விளையாட்டு ஆக்கப் பொறியில் சிலகாலம் வழங்கிய அம்மொழிக்கான ஆதரவு குறைக்கப்படும் என 2014-இல் அறிவிக்கப்பட்டது. ஆண்ட்ரியாஸ் ரும்ப் ஆக்கி 2008-இல் வெளியிட்ட நிம்ராட், 2014-இல் நிம் எனப் பெயர் மாறி, 2019 செப்டம்பரில் 1.0 பதிப்பை அடைந்தது. உள்தள்ளலையும் முக்காற்புள்ளியையும் கொண்ட நிம், செயற்கூற்றின் முகப்பில் பொதுவாக இனத்தை அறிவிக்கச் சொல்கிறது. அதன் உள்ளே மாறிகளின் இனத்தைத் தானே கணிக்கிறது. பின்னர் நிரலை சி மொழிக்குப் பெயர்க்கிறது.

இம்மொழிகளின் உள்ளமைப்பு ஐந்து படிகளால் ஆனது. உரையைச் சொல்லலகுகளாகப் பகுத்து உள்தள்ளலைச் சுழியலகுகளாக்குவது முதற்படி. அலகுகளைத் தொடரமைப்பு மரமாக்குவது இரண்டாம் படி. ஒவ்வொரு பெயரும் எங்கே தோன்றியது, எங்கெங்கே ஆளப்படுகிறது என இணைப்பது மூன்றாம் படி. மரத்தின் ஒவ்வொரு கணுவுக்கும் இனத்தை வரையறுத்து இயைபைச் சோதிப்பது நான்காம் படி. வழுவற்ற மரத்தைப் பொறிமொழிக்கோ பிறிதொரு நிரல்மொழிக்கோ பெயர்ப்பது ஐந்தாம் படி. முதலிரு படிகளில் இம்மொழிகள் பைத்தானை ஒத்தவை. வேறுபாடு நான்காம் படியில் உள்ளது. செயற்கூற்றின் முகப்பில் மட்டும் அறிவிப்பைக் கேட்பது இங்கு ஒரு நடுவழி: முகப்பு பிறர் படிப்பதற்குரியது, ஆகவே அங்கு இனம் வெளிப்படையாகிறது, உடற்பகுதி எழுதுவோர்க்குரியது, ஆகவே அங்கு அது உய்த்துணரப்படுகிறது. அறிவிப்பு பொறிக்காக மட்டும் அன்று, படிக்கும் மனிதருக்காகவும் என்னும் கருத்து, முக்காற்புள்ளியை ஏற்ற அதே நோக்கின் நீட்சியாகும்.

பைத்தானையே திருத்துதல் இரண்டாம் வழி. விருப்ப இன அறிவிப்பைப் பற்றி வான் ரோசம் 2004 இறுதியிலும் 2005 தொடக்கத்திலும் பொதுவில் எழுதினார். 2008 டிசம்பரில் வெளிவந்த பைத்தான் 3.0, செயற்கூற்றின் முகப்பில் குறிப்புரை எழுத இடமளித்தது. ஆனால் அக்குறிப்புரைக்குப் பொருள் எதனையும் வரையறுக்கவில்லை. வடிவம் முன்னரும் பொருள் பின்னரும் தோன்றிய இந்நிகழ்வு, ஆக்கமொழிகளில் அரிதாகக் காணப்படுவது.

அவ்வடிவத்துக்குப் பொருள் வந்த வழி இரு நெறிகளின் சந்திப்பாகும். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்ட யுக்கா லேத்தோசாலோ உருவாக்கிய மைபை, தொடக்கத்தில் பைத்தானை ஒத்த, ஆனால் தனக்கெனத் தொடரியலுடைய ஒரு மொழியாகவே இருந்தது. 2013-இல் நடந்த பைத்தான் மாநாட்டில் வான் ரோசமுடன் உரையாடியபின், தனித் தொடரியலைக் கைவிட்டு, பைத்தான் 3-இன் குறிப்புரை வடிவத்தையே அது ஏற்றது. தனி மொழியாக வளரத்தக்க ஒன்று, இருக்கும் மொழியின் சரிபார்ப்பியாக மாறியது. வான் ரோசம், லேத்தோசாலோ, லூகாஷ் லாங்கா மூவரும் 2014-இல் முன்வைத்த இனக்குறிப்பு வரையறை 2015 செப்டம்பரில் பைத்தான் 3.5-இல் இடம்பெற்றது; மாறிகளுக்கான குறிப்பு வடிவம் 2016 டிசம்பரில் 3.6-இல் வந்தது. பைத்தான் இயங்கு இனமொழியாகவே தொடரும் என்றும், இனக்குறிப்பு ஒருபோதும் கட்டாயமாகாது என்றும் அவ்வரையறை உறுதி கூறுகிறது.

இதன் கோட்பாட்டுப் பின்புலம் ஜெரமி சீக், வாலித் தாகா இருவரும் 2006-இல் வெளியிட்ட படிமுறை இனக்கோட்பாட்டை ஒத்தது. ‘எதுவும்’ என்னும் ஓர் இனம் அதில் உண்டு. அஃது எண்ணோடும் இயையும், உரையோடும் இயையும். ஆயினும் அதன் வழியாக எண் உரையோடு இயைந்துவிட்டதாகக் கொள்ளப்படாது. இரு திணைக்கும் பொதுவான விரவுப்பெயர் இருப்பதால் உயர்திணையும் அஃறிணையும் ஒன்றாகிவிடுவதில்லை என்பதோடு இதனை ஒப்பிடலாம். இவ்விதியால் பழைய நிரலை ஒரே நாளில் மாற்றாது, பகுதி பகுதியாக இனப்படுத்த முடிகிறது. டிராப்பாக்ஸ் நிறுவனம் 40 இலட்சம் வரி பைத்தான் நிரலை இவ்வாறு இனச் சரிபார்ப்புக்கு உட்படுத்தியதை 2019-இல் வெளியிட்டது. இவ்வளவு பேருரைக்குப் பின்னாளில் இனம் குறிப்பது பல ஆண்டுப் பணி என்பதும், தொடக்கத்தில் விட்டதை மீட்கும் விலை சிறிதன்று என்பதும் இதனால் விளங்கும்.

8. முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவது, உள்தள்ளலும் இனமுறையும் தம்முள் சார்பற்றவை. ஆக்கம் மொழியில் உள்தள்ளல் அறிவிக்கப்பட்ட நிலை இனத்தோடும், ஏபிசியில் உய்த்துணரப்பட்ட நிலை இனத்தோடும், பைத்தானில் இயங்கு இனத்தோடும் இணைந்து நின்றது. எழுத்து நெறியை ஒத்த கூறு ஒன்று. இயைபு இலக்கணத்தை ஒத்த கூறு மற்றொன்று. ஒரு மொழியில் இரண்டும் சேர்ந்து காணப்படுவதால் ஒன்றற்கு மற்றொன்று காரணமாகாது.

இரண்டாவது, குறியின்மை இனமின்மை அன்று. ஏபிசியின் பெயர்கள் குறியற்றவை; ஆயினும் இனமுடையவை. வெளிப்படைக் குறி, உய்த்துணர்வு, பொருட்சூழல் என இனத்தை அறியும் வழிகள் பல. இவற்றுள் எதனைக் கொள்வது என்பது, எழுதுவோர், படிப்போர், மொழியை வகுப்போர் ஆகிய மூவருள் சுமையை எவர் ஏற்பது என்னும் கேள்வியே. ஏபிசி அதனை வகுப்போர்மீது ஏற்றியது. பழைய பைத்தான் படிப்போர்மீது ஏற்றியது. இனக்குறிப்பு எழுதுவோர்க்குப் பகிர்ந்தளிக்கிறது. சுமை இடம் மாறுகிறதேயன்றி மறைவதில்லை. மூல மொழியில் குறியின்றி நிற்கும் பாலையும் எண்ணையும் இலக்கு மொழியில் குறித்தே ஆகவேண்டிய மொழிபெயர்ப்பாளர் இதனை நாள்தோறும் உணர்வர்.

மூன்றாவது, செம்மையும் பரவலும் ஒருங்கே அமைவதற்குச் சிறு மொழியின் ஆக்கத்தில் முதலிலேயே இடம் தேட வேண்டும். மூடிய இனத்தொகுதியால் ஏபிசி செம்மை பெற்றது, பரவல் இழந்தது. திறந்த இனத்தொகுதியால் பைத்தான் பரவியது, முன்னறியும் வாய்ப்பை நெடுங்காலம் இழந்தது. செயற்கூற்றின் முகப்பில் அறிவிப்பையும் உட்பகுதியில் உய்த்துணர்வையும் கொண்ட பிற்கால மொழிகள் இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழியைக் காட்டுகின்றன. 1983-இல் ஓர் ஆய்வுரையாக வெளிவந்த தீர்வின் பயன், பைத்தான் பயில்வோரைப் பெருமளவில் எட்ட முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இலக்கணம் வகுப்போரின் ஒரு தேர்வு, அம்மொழியைப் பின்னாளில் எழுதுவோர் பலரின் உழைப்பாக மாறுகிறது என்பதற்கு இவ்வரலாறு போதிய சான்றாகும்.